எங்கள் பிள்ளைகளின் திரையில் எங்கள் ஆசிரியர்கள்



மானிப்பாயில் நின்று விஞ்ஞானக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் வைத்தியர் சாமுவேல் கிறீனைத் தாண்டிப் போக முடியாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அந்த அமெரிக்கர் இங்கே முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். படித்து முடித்தவர்கள் ஊரை விட்டு உத்தியோகம் தேடிப் போவதைக் கண்டார். 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் பாடநூல் இல்லையே என்று அவர் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார், கலைச்சொல் தேடினார், அச்சேற்றினார். 1873இல் அவர் நாடு திரும்பினார்; அதன் பிறகும் வேலை நிற்கவில்லை. ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது.

இன்று அந்த அச்சுக்கூடம் போன் வடிவில் ஒவ்வோர் ஆசிரியரின் சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருக்கிறது. அதை நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

பதினோராம் வகுப்புப் பிள்ளை இரவில் ஒரு பாடம் விளங்காவிட்டால் யூடியூப்பில் தேடுகிறது. தமிழில் தேடும்போது தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகள் வந்து குவிகின்றன. நல்ல ஆசிரியர்கள் அவர்கள். குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், எங்கள் பாடநூலில் திணிவு கிலோகிராமில் வரும், நிறை நியூட்டனில் வரும். அவர்களுடைய பாடநூலிலோ நிறை கிலோகிராமில், எடை நியூட்டனில். நாங்கள் அமுக்கம் என்பதை அவர்கள் அழுத்தம் என்பார்கள். எங்கள் பிள்ளைக்கு அழுத்தம் என்றால் மின்னியல் பாடம். அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளை, சாதாரண தரப் பரீட்சையில் நிறையைக் கேட்டால் கிலோகிராமில் விடை எழுதும்; புள்ளி போகும். சோம்பேறிப் பிள்ளைக்கு இந்த ஆபத்து இல்லை. தேடிப் படிக்கிற பிள்ளைக்குத்தான் இந்தத் தண்டனை! இதைத் தீர்க்க வேண்டியவர்கள் சென்னையில் இல்லை, இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களே காணொளி எடுப்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வூட்லண்ட் பார்க் என்ற சிற்றூர். ஜொனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு இரசாயன ஆசிரியர்கள் 2007இல் தங்கள் பாடங்களைக் காணொளியாக எடுத்தார்கள். வகுப்புக்கு வரமுடியாத பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கினார்கள். பிறகு அவர்களுக்கு ஓர் எண்ணம் வந்தது: விளக்கத்தைப் பிள்ளை வீட்டிலே பார்க்கட்டும், வகுப்பு நேரத்தை ஆய்வுகூடத்துக்கும் கணக்குக்கும் கேள்விக்கும் கொடுப்போம். எங்கள் நாற்பது நிமிடப் பாடவேளையை நினைத்துப் பாருங்கள். குறிப்புச் சொல்லி எழுதிக் கொடுத்து முடிக்கவே மணி அடித்துவிடுகிறது. முகவை அலுமாரியிலேயே இருக்கிறது.

நெடுந்தீவுப் பிள்ளைகளையும் நினையுங்கள். கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானில் படகு நிற்கும். ஆசிரியர் இக்கரையில், பிள்ளைகள் அக்கரையில். அந்த நாளுக்குரிய பாடம் அவர்கள் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டாமா?

காணொளி என்றவுடன் வெண்பலகைக்கு முன் நின்று ஒரு மணிநேரம் பேசுவதை எடுத்துவிடாதீர்கள். ரியூசன் ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பலகையில் காட்ட முடியாததைக் காட்டுங்கள். நொதித்தல் பாடம் வருகிறது. ஊரிலே பனை இருக்கிறது, சீவல் தொழிலாளி இருக்கிறார். இரண்டு போத்தல் எடுங்கள். ஒன்றின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுங்கள், மற்றதை வெறுமனே விடுங்கள். சுண்ணாம்பு படாத முட்டியில் அப்போது இறக்கிய சாற்றை இரண்டிலும் ஊற்றி, வாயிலே பலூன் கட்டிவிட்டு, கமராவை அசையாமல் வையுங்கள். சில மணி நேரம் போகட்டும். வெறும் போத்தலில் நுரை பொங்கும், பலூன் எழும்பும். மற்றது மெலிந்தே கிடக்கும். எழும்பிய பலூனில் உள்ள வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் விட்டால் நீர் பால்போல் மாறும். காபனீரொட்சைட்டு! ஒரு போத்தலில் மதுவம் வெல்லத்தை அற்ககோலாக்குகிறது; மற்றதில் சுண்ணாம்பின் காரத்தன்மை மதுவத்தை அடக்கிவைக்கிறது. அதனால்தான் ஒன்று கள், ஒன்று கருப்பநீர். பல மணி நேரத்தில் நடந்ததை நான்கு நிமிடத்தில் காட்டலாம். பார்த்த பிள்ளை மறுநாள் வகுப்பில் தன் கையாலே செய்யட்டும். திரையில் பார்த்ததோடு விஞ்ஞானம் முடிந்துவிட்டதென்று எந்தப் பிள்ளையும் நினைக்க விடக்கூடாது.

நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அடர்த்திக்கு இதைவிடப் பாடம் எங்கே? ஆனையிறவு உப்பளம் இருக்கிறது, கீரிமலைக் கேணி இருக்கிறது. பாடநூலின் பாதி விஞ்ஞானம் எங்கள் ஊரிலேயே விரிந்து கிடக்கிறது.

எல்லா வீட்டிலும் போன் இருக்கிறதா, டேட்டா இருக்கிறதா என்று பெற்றோர் கேட்பது நியாயம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்த நாட்களை எவரும் மறக்கவில்லை. வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். பிள்ளைகள் மூன்று பேர். ஆகவே காணொளியைச் சிறிதாக எடுங்கள், குறைந்த அளவுக் கோப்பாகவும் கொடுங்கள். பென்டிரைவில் போட்டுப் பாடசாலைக்கும் சனசமூக நிலையத்துக்கும் அனுப்புங்கள். எங்கள் ஊர் வாசிகசாலைகளில் ஒரு கணினியும் நான்கு கதிரையும் வைக்க இடமில்லையா? வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் மண்டபத்துக்கும் வளைவுக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள். இதற்கு அதில் சிறு பங்கு போதும்.

விஞ்ஞான ஆசிரியர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆளுக்கு ஒரு பாடம், உங்களுக்கு மிக நன்றாக வருகிற ஒரு பாடம், அடுத்த தவணை தொடங்குமுன் எடுத்துத் தாருங்கள். எங்கள் பாடநூலின் சொல்லில், எங்கள் ஊரின் பொருளை வைத்து எடுங்கள். அதிபர்களே, அதற்கு ஆய்வுகூடத்தைத் திறந்துவிடுங்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசைக்கு வாருங்கள்.