அழியும் பாறுகளும் அகிம்சை அணுவிரதமும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

அருகி வரும் உயிரினங்களைக் காத்தல் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பொருளோ கடல் போன்றது. ஆகவே ஒரே ஒரு பறவையை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். அது மயிலன்று, அன்னமன்று. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகஞ்சுளித்துக் கூறும் பறவை. சங்கப் புலவர்கள் பாறு என்றும் எருவை என்றும் கழுகினங்களைப் பெயர் சுட்டிப் பாடினர். நம் சமண இராமாயண மரபிலோ, சடாயு முனிவரின் அறவுரை கேட்டுச் சிராவக விரதம் ஏற்ற பறவையாகப் போற்றப்படுகிறது. திருக்கழுக்குன்றத்தில் நண்பகல் தோறும் உணவு கொள்ள வந்த இரு கழுகுகளை உங்களுள் மூத்தோர் பலர் கண்டிருப்பீர்கள். இன்று அவை வருவதில்லை.

பாறு எவ்வுயிரையும் தாக்கிக் கொல்வதில்லை. இறந்த உடலை மட்டுமே உண்கிறது. ஒரு மாட்டின் உடலை ஒரு கூட்டம் சிறிது நேரத்தில் எலும்பு மட்டும் எஞ்சுமாறு தூய்மை செய்துவிடும். நோய்க்கிருமிகள் அதன் வயிற்று அமிலத்தில் மடிந்து போகின்றன. கூலி கேளாத துப்புரவுப் பணி அது.

இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்தவை எனக் கருதப்படும் இப்பறவைகள் 1990களில் திடீரென மறையத் தொடங்கின. பரத்பூர் சரணாலயத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் இதனை முதலில் கவனித்து உலகுக்கு உரைத்தார். 1992 முதல் 2007 வரையிலான 15 ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று எஞ்சியது என்று பொருள்.

காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 2004ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று அதனைத் தெளிவாக்கியது. மாடுகளின் வலியும் வீக்கமும் தணிய ஊசி வழியே செலுத்தப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே அக்காரணம். மருந்து செலுத்திய சில நாட்களுக்குள் மாடு இறந்து, அதன் உடலைப் பாறு உண்டால், பறவையின் சிறுநீரகம் செயலிழந்து உயிர் பிரிகிறது. நூறு உடல்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே இனம் அழியப் போதுமாம். ஒரே உடலைப் பல பறவைகள் கூடி உண்பதே அதற்குக் காரணம்.

அன்பர்களே, சற்றுச் சிந்தியுங்கள். மாட்டின் துன்பம் தீர்க்கவே அம்மருந்து தரப்பட்டது. கருணையின் கையாலேயே மற்றோர் உயிரினம் மாய்ந்தது. கழுகுகள் குறைந்த இடங்களில் தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் மாசுற்றன. 2000 முதல் 2005 வரை இதனால் இந்தியாவில் ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தனர் என்று 2024இல் வெளியான பொருளியல் ஆய்வு கணித்துள்ளது. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாதல் உயிரின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதன் உண்மையை இவ்வாறு இழந்த பின்னர் உணர்கின்றோம்.

அழிவைத் தடுக்க இரு வழிகள் மேற்கொள்ளப்பட்டன. ஒன்று, காப்பகத்தில் வைத்து இனப்பெருக்கம் செய்வித்தல். அரியானா மாநிலம் பிஞ்சோரில் அம்மாநில வனத்துறையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் இணைந்து நடத்தும் மையத்துக்குச் சடாயுவின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. வங்கத்திலும் அசாமிலும் போபாலிலும் இத்தகைய மையங்கள் உள்ளன. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடும். குஞ்சு வளர்ந்து இனம் பெருக்க ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆகும். ஆகவே முதல் முட்டையை எடுத்துக் கருவியில் அடைகாத்து, இணையை இரண்டாம் முட்டை இடச் செய்யும் முறையையும் கையாள்கின்றனர். 2020இல் பிஞ்சோரிலிருந்து 8 வெண்முதுகுப் பாறுகள் விடுவிக்கப்பட்டன.

இங்கே நம் மனத்தில் ஒரு வினா எழ வேண்டும். அகிம்சை அணுவிரதத்துக்கு அதிசாரங்கள் ஐந்து: உறுப்பை அறுத்தல், கட்டி வைத்தல், வருத்துதல், மிகுபாரம் ஏற்றுதல், உணவை மறுத்தல். கூண்டில் அடைப்பது கட்டி வைத்தல் ஆகாதா? மேலும், அங்குள்ள பறவைகளுக்கு ஆட்டிறைச்சி உணவாகிறது. ஓர் உயிரினத்தைக் காக்கப் பிற உயிர்கள் கொல்லப்படுகின்றன. இதனை உங்களிடம் மறைத்துப் பேச என் மனம் ஒப்பவில்லை.

நான் எண்ணிப் பார்த்து அறிந்த வரையில் விடை இது. நோயுற்றவனைப் படுக்கையில் கிடத்துவதும் பகைவனைச் சிறையில் இடுவதும் ஒன்றல்ல. விடுவிக்கும் நோக்கம் உள்ள வரையில் கூண்டு புகலிடமே. ஆனால் உணவுக்காக நிகழும் கொலையைக் குற்றமற்றது என்று என்னால் கூற இயலாது. அது அறிந்து செய்யும் இம்சையே. கூண்டுகள் நீடிக்க நீடிக்க அதுவும் நீடிக்கும். எனவே கூண்டின் தேவையே விரைவில் நீங்குமாறு உழைப்பதுதான் நமக்கு உரிய வழி.

அதுவே இரண்டாம் வழியான வாழிடம் காத்தல். நஞ்சில்லா உணவும் கூடுகட்ட இடமும் இன்றிப் பறவையை விடுவித்தால், வளர்த்துக் கொன்றதாக முடியும். ஆகவேதான் மையங்களைச் சுற்றி 100 கிலோமீட்டர் அளவுக்கு நஞ்சற்ற பகுதி உருவாக வேண்டும் என்கின்றனர். நம் தமிழகத்தில் முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கூண்டின்றியே பாறுகள் வாழ்கின்றன. ஆற்றோர நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறும், செங்குத்துப் பாறைகளில் கருங்கழுத்துப் பாறும் கூடு கட்டுகின்றன. அம்மரங்களும் பாறைகளும் காக்கப்பட்டால் அங்கே ஓர் ஆடும் அறுபட வேண்டியதில்லை, கானகமே உணவளிக்கும்.

நாம் செய்யக்கூடியது என்ன? நம்மவருள் பலர் உழவர்கள், மாடு வளர்ப்போர். கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் 2006இலும், கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் ஆகியவை 2023இலும் தடை செய்யப்பட்டன. ஆயினும் மனிதர்க்குரிய மருந்தை மாட்டுக்குச் செலுத்தும் வழக்கம் முற்றும் ஒழியவில்லை. மாற்றாக மெலாக்சிகம், டோல்ஃபெனமிக் அமிலம் ஆகிய தீங்கற்ற மருந்துகள் உள்ளன. மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். நாம் உதவும் பசுக்காப்பகங்களில் தடைசெய்த மருந்துகள் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். அறக்கட்டளையின் உயிர்க்கருணை நிதியில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குமாறு பொறுப்பாளர்களை வேண்டுகின்றேன்.

கவனமின்மையால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்பது நம் ஆகமத் தெளிவு. 2004க்கு முன்னர் மருந்து செலுத்தியோர் அறியாமல் செய்தனர். இன்று நாம் அறிந்துவிட்டோம். அறிந்த பின்னும் கேளாதிருப்பது கவனமின்மையே ஆகும். சாகும் நாயின் செவியில் மந்திரம் ஓதிய சீவகனின் கதையைப் போற்றும் நாம், வானில் சுற்றும் பாறுக்கும் செவி சாய்ப்போமாக.

அறம் வளர்க! உயிர்க்குலம் வாழ்க!