படகைத் தோளில் சுமந்தவர்கள்



அசாம் வழியே பாயும் பிரம்மபுத்திராவை நாம் எல்லாரும் அறிவோம். திபெத்தில் அதன் பெயர் யார்லுங் சாங்போ. அங்கே 7,782 மீட்டர் உயரமுள்ள நம்சா பர்வா மலையைச் சுற்றி வளைந்து, உலகின் மிக ஆழமான மலையிடுக்குகளில் ஒன்றின் வழியாக அது கீழே இறங்குகிறது. இருபுறமும் செங்குத்தான பாறைகள். 1998-ல் அங்கே சாலை கிடையாது. உள்ளே ஒருவருக்குக் கால் முறிந்தால், மற்றவர்கள் நாள்கணக்கில் நடந்து அவரைத் தூக்கிவர வேண்டியிருந்தது.

1998 அக்டோபரில் அமெரிக்கப் படகு வீரர்கள் நால்வர், ஒற்றையாள் படகுகளுடன் அங்கே போனார்கள். கற்றுக்குட்டிகள் அல்லர். அவர்களில் ஜேமி மெக்யூவன் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். டக் கார்டன் அமெரிக்க தேசிய அணியில் துடுப்புப் போட்டவர். ஆனால் அந்த ஆண்டு மழை மிகுதி. ஆறு அவர்கள் எதிர்பார்த்ததைவிட வெகுவாகப் பெருகியிருந்தது. நடு ஆற்றுக்குப் போவதில்லை, கரையை ஒட்டியே போவது, முடியாத இடத்தில் படகைச் சுமந்து நடப்பது என்று முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான்.

அக்டோபர் 16 அன்று, கரையோரம் சுமார் எட்டு அடி உயர அருவி ஒன்று குறுக்கிட்டது. டக் கார்டன் கரையில் நின்று நீரோட்டத்தை நன்றாகப் பார்த்த பிறகே இறங்கினார். அதைவிடக் கடினமான இடங்களைக் கடந்தவர் அவர். விழுந்த இடத்தில் படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகைத் துடுப்பு வீச்சால் நிமிர்த்துவது இவர்களுக்குக் கைவந்த கலை. அன்று முயன்றும் முடியவில்லை. வெள்ளம் அவரை நடு ஆற்றுக்கு இழுத்துப் போயிற்று. தோழர்கள் தேடினார்கள். உடல் கிடைக்கவே இல்லை.

அவரை அவசரக்காரர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அசட்டையாக இருந்தவரல்ல அவர். திறமை நம்மை ஆபத்திலிருந்து விலக்கி வைப்பதில்லை. பல வேளைகளில் அதன் அருகே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஊருக்குப் பக்கத்து ஆறு ஒரு தவற்றைப் பொறுத்துக்கொள்ளும். கரையில் கயிறு வீச ஆள் இருப்பார், கொஞ்ச தூரத்தில் மருத்துவமனை இருக்கும். சாங்போவில் அந்தச் சலுகை இல்லை.

2002-ல் ஸ்காட் லிண்ட்கிரன் தலைமையில் ஏழு பேர் அங்கே போனார்கள். நீர் வற்றும் குளிர்காலத்தைத் தேர்ந்துகொண்டார்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார் என்று ஆண்டவர் சொன்னாரே, அதைத்தான் இவர்கள் பாறைமேல் உட்கார்ந்து செய்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திப் பார்ப்பது, பிறகு இறங்குவதா சுமப்பதா என்று முடிவு செய்வது. இப்படியே மேல்மலையிடுக்கைக் கடந்தார்கள். பெரிய அருவிகள் இருந்த பகுதி வந்தபோது ஆற்றைவிட்டு ஏறி, படகுகளைச் சுமந்து, பனி மூடிய கணவாயைத் தாண்டினார்கள். உலகின் மிகச் சிறந்த படகோட்டிகளில் சிலர், முதுகில் படகுடன், பனியில் கால் புதைய நடந்தார்கள்! ஏழு பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

டக் கார்டனை ஆற்றிடம் விட்டுவிட்டுக் கரையேறிய அந்த மூன்று தோழர்களையும், அவருக்காகக் காத்திருந்த குடும்பத்தையும் இன்று நம் செபத்தில் நினைத்துக்கொள்வோம்.