நடுவயதில் மீண்டும் உடற்பயிற்சி

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பள்ளிவாசல்களின் தொழுகை வரிசைகளில் நாற்காலிகள் பெருகி வருகின்றன. தள்ளாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவை தேவை. அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டியவுடனேயே தரையில் அமர்ந்து எழ இயலாமற்போவது வயதின் கட்டாயமா, அல்லது உடலை இயக்காமல் விட்டதன் விளைவா என்பதை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இளமையில் நம்மில் பலர் தண்டாலும் பஸ்கியும் எடுத்தவர்கள். கர்லாக்கட்டை சுழற்றியவர்களும் உண்டு. பின்னர் பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குச் சென்றோம். கடைக் கல்லாவில் நாள் முழுதும் அமர்ந்தோம். உடல் மெல்ல மெல்ல இயக்கத்தை மறந்தது. முப்பது வயதிற்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் அளவு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது என்றும், அறுபதிற்குப் பின் இக்குறைவு விரைவடைகிறது என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. உணவின் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் ஈர்த்துக்கொள்வது தசையே. அது குன்றினால் சர்க்கரை நோய்க்கு வாசல் திறக்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் அந்நோயுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.

"இனி என்ன பயன்?" என்று சோர்வடைய வேண்டியதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் மருத்துவ இல்லமொன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய, உடல் நலிந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை நிறைவு செய்தோரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்ததென 1990இல் வெளியான ஆய்வறிக்கை கூறுகிறது. தொண்ணூறில் இயன்றது ஐம்பதில் இயலாதா?

"நாள்தோறும் நடக்கிறோமே, அது போதாதா?" என்று சிலர் கேட்கலாம். நடை நல்லதுதான், ஆயினும் அது மட்டும் போதாது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்துடன், இரண்டு நாட்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவையென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியுள்ளது.

எனவே, ஜிம்முக்குத் திரும்புவோம். ஆனால் நிதானத்துடன் திரும்புவோம். நமக்கு வயது ஐம்பது. நினைவு மட்டும் இருபத்தைந்திலேயே நிற்கிறது. அன்று தூக்கிய எடையை இன்று முதல் நாளே தூக்க முனைவதுதான் பலரைக் காயத்துடன் வீட்டுக்கு அனுப்புகிறது. தசையின் வலிமை சில வாரங்களில் மீளத் தொடங்கும். தசையை எலும்புடன் பிணைக்கும் நாண்கள் உறுதிபெற மாதங்கள் ஆகும். ஆகவே எளிதாகத் தோன்றும் எடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே அறிவுடைமை.

இதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளோர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். மூச்சை அடக்கி எடை தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென உயரும். இன்சுலின் போடுவோருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழக்கூடும்; கையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நெஞ்சு வலியோ, தலைச்சுற்றலோ, வழக்கத்திற்கு மாறான மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாட வேண்டும். விரைவில் உடல் தேறும் என்று ஊசிகளையோ, பெயர் தெரியாத மாத்திரைகளையோ எவர் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

நம் வீட்டுப் பெண்களை மறந்துவிடலாகாது. மாதவிடாய் நின்றபின் அவர்களின் எலும்புகள் விரைந்து வலுவிழக்கின்றன. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்தமர்வதும், சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பதும் வீட்டிலேயே இயலும். அதற்கான நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கித் தருவது நம் பொறுப்பு.

இளைஞர்களே! நரைத்த தாடியுடன் ஒருவர் ஜிம்மின் வாசலில் தயங்கி நின்றால் நகையாடாதீர்கள். "வாங்க மாமு" என்று அழைத்து, கருவியைப் பயன்படுத்தும் முறையைக் காட்டிக்கொடுங்கள். அந்த ஒரு சொல் அவரை மறுநாளும் வரவழைக்கும்.

பிறர் கைத்தாங்கலின்றி எழுந்து நிற்கும் வலிமையே நாம் தேடுவது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் நல்வாய்ப்பை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.