எழ மறுக்கும் கணினி



விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு வழங்கப்பட்டுவந்த வழமையான ஆதரவு 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11 ஐ ஏற்கும் தகுதி பழைய மேசைக் கணினிகள் பலவற்றுக்கு இல்லை. ஆதலின், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை அவற்றிற் பதிக்கப் பலர் முயல்கின்றனர். இறுவட்டை இட்டாலும் பென்டிரைவைச் செருகினாலும், கணினியோ பழைய முறைமைக்கே செல்கிறது. அன்றேல் கறுத்த திரையுடன் நின்றுவிடுகிறது. "இது பழுது" என்ற தீர்ப்புப் பிறக்கிறது. மாணவர் பலர் பயிலக்கூடிய கருவியொன்று மூலையில் ஒதுக்கப்படுகிறது. அத்தீர்ப்பைக் கூறுமுன் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

முதலாவது, கணினி அவ்வூடகத்தை நாடுகின்றதா? மின் பெற்றதும் முதலில் இயங்குவது தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் என்னும் சிறு நிரலாகும். எதனை முதலில் தேடுவது என்னும் வரிசை அதனிடம் உண்டு. அதில் வன்தட்டு முதலிடம் பெற்றிருப்பின் பென்டிரைவை அது நாடாது. எஃப் 2, எஃப் 12, டிலீற் முதலிய விசைகளுள் அக்கணினிக்குரியதைத் தொடக்கத்திலேயே அழுத்தி வரிசையை மாற்றலாம். மாற்றிய வரிசை மறுநாள் மறைந்து, திகதியும் பல ஆண்டுகள் பின்சென்றிருப்பின், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் அது சீஆர் 2032 என்னும் 3 வோல்ற்று மின்கலமே. மின்னிணைப்பைக் கழற்றியபின் அதனை மாற்றுக.

இரண்டாவது, ஊடகம் முறையாக ஆக்கப்பட்டதா? பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் வெறுமனே பிரதிசெய்தாற் போதாது. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுதுதல் வேண்டும். சீடி மட்டும் வாசிக்கும் கருவி டிவிடியை வாசிக்காது. ஐயம் எழின், அதே ஊடகத்தை வேறொரு கணினியில் இட்டுப் பார்க்க. அங்கு அது எழுமாயின், ஊடகம் பெரும்பாலும் நன்றென்று கொள்ளலாம்.

மூன்றாவது, ஊடகமும் கணினியும் ஒரே முறையைச் சேர்ந்தனவா? புதிய கணினிகள் யூஇஎஃப்ஐ என்னும் முறையில் எழுவன. மிகப் பழையன பயோஸ் முறையையே அறிவன. யூஇஎஃப்ஐக்கு மட்டுமென எழுதிய பென்டிரைவு பழைய கணினியில் எழாது. ரூஃபஸில் எம்பீஆர், பயோஸ் என்பவற்றைத் தெரிவுசெய்து மீண்டும் எழுதுக.

நான்காவது, செயலி ஏற்றதா? 64 பிட்டுக்கென ஆக்கிய முறைமை 32 பிட் செயலியில் இயங்காது. இக்காலத்து லினக்ஸ் பதிப்புகளுட் பல 64 பிட்டுக்கே உரியன. ஆதலின் பதிவிறக்குமுன்பே இதனை அறிந்துகொள்ளுதல் நன்று.

இவ்வினாக்களை வரிசையாகவே எழுப்புக. ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றி, மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க. பலவற்றை ஒருங்கே மாற்றினால் குறை எங்கிருந்ததென அறிய முடியாது.

இன்னொன்று. பதிக்கும்போது வன்தட்டிலுள்ளவை அழிந்துபோகக்கூடும். மாணவரின் ஒப்படைகளும் குடும்பத்தின் ஒளிப்படங்களும் அங்கே இருக்கலாம். லினக்ஸ் பதிப்புகள் பலவற்றைப் பதிக்காமலே பென்டிரைவிலிருந்து இயக்கலாம். அவ்வாறு இயக்கி, வேண்டியவற்றை வேறோரிடத்துக்குப் பிரதிசெய்து, அவை அங்கே திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பதிக்கத் தொடங்குக.

நால்வகைச் சோதனைக்குப் பின்னரும் எழாத கணினியைத் திருத்துநரிடம் ஒப்படைக்கலாம். அப்போது அக்குறிப்பேட்டையும் உடன் கொடுப்பீராயின் அவர் வேலை பாதியாகக் குறையும்.