ஆய்வு எது, விளம்பரம் எது?

‘ஆய்வில் நிரூபணம்’ என்ற தலைப்புடன் மருத்துவக் கட்டுரைகள் நாள்தோறும் நமது கைப்பேசிக்கு வருகின்றன. நாமும் அவற்றைப் பகிர்கிறோம். அப்படியொன்றை நம்பி, சர்க்கரை நோயுள்ள ஒரு தொழிலாளி இன்சுலினை நிறுத்திவிட்டால் இழப்பது அவரது உயிராகவும் இருக்கக்கூடும். ஆகவே இது படிப்பாளிகளுக்கு மட்டுமான விவாதமன்று.

ஆய்வாளர் ஒருவர் தமது ஆய்வின் முறை, எண்ணிக்கை, முடிவு, குறைபாடு அனைத்தையும் எழுதி ஆய்விதழுக்கு அனுப்புகிறார். இதழாசிரியர் அதை அத்துறை வல்லுநர் இருவர் அல்லது மூவரிடம் ஒப்படைக்கிறார். அவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றிப் பரிசீலித்து, கேள்வி எழுப்பி, திருத்தம் கோருகின்றனர். தகுதியற்றதை நிராகரிக்கப் பரிந்துரைக்கின்றனர். இதுவே சக அறிஞர் மதிப்பாய்வு. வெகுஜனக் கட்டுரைக்கு இந்தச் சல்லடை இல்லை. அங்கே ‘இருக்கலாம்’ என்பது ‘உறுதி’ ஆகிறது. எலியிடம் கண்டது மனிதருக்கும் பொருந்துவதாகிறது.

2020 ஜூனில் பதஞ்சலி நிறுவனம் ‘கொரோனில்’ தொகுப்பை ஹரித்வாரில் அறிமுகப்படுத்தி, ஏழு நாட்களில் நூறு சதவீதம் குணம் என அறிவித்தது. மதிப்பாய்வு பெற்ற கட்டுரை எதுவும் அன்று வெளியாகியிருக்கவில்லை. விளம்பரத்தை நிறுத்துமாறு ஆயுஷ் அமைச்சகமே கூற நேர்ந்தது. பின்னர் ஆய்விதழில் வந்த கட்டுரை, சுமார் நூறு பேரிடம் நடந்த முன்னோட்ட ஆய்வு என்றே தன்னைக் குறிப்பிட்டது. மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவிலும் 60 சதவீதத்தினர் ஏழு நாட்களில் குணமடைந்திருந்தனர். விளம்பரம் இதைச் சொல்லவில்லை. 2021 பிப்ரவரியில் ஒன்றிய சுகாதார அமைச்சர் முன்னிலையில் அது மீண்டும் வெளியிடப்பட்டது. கோவிட் சிகிச்சைக்கான பாரம்பரிய மருந்து எதற்கும் தான் சான்றளிக்கவில்லை என உலக சுகாதார நிறுவனம் தெளிவுபடுத்தியது.

அப்படியானால் ஆய்விதழில் வந்ததெல்லாம் உண்மையா? இல்லை. 1967இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஹார்வர்டு அறிஞர்கள், இதய நோய்க்குக் கொழுப்பே முதன்மைக் காரணம் என்று கூறி, சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டினர். அதற்குப் பணம் தந்தது அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகளின் அமைப்பு என்பது 2016இல்தான் அம்பலமானது. அதை அம்பலப்படுத்தியதும் பழைய ஆவணங்களைத் தோண்டியெடுத்த ஆய்வாளர்களே. அதை வெளியிட்டதும் மற்றொரு ஆய்விதழே. மூலதனம் ஆய்வகத்திலும் நுழையும். ஆனால் முறையும் தரவும் வெளிப்படையாக இருக்குமிடத்தில் பொய்யைப் பிடிக்க வழியுண்டு.

எனவே எதையும் பகிருமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். மூலக் கட்டுரை எந்த இதழில், எந்த ஆண்டில் வந்தது? ஆய்வு மனிதரிடமா, விலங்கிடமா? எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழு இருந்ததா? பணம் தந்தது யார்? வேறு ஆய்வாளர்களும் அதே முடிவை எட்டினார்களா? விடை கிடைக்காவிட்டால் பகிராதீர்கள். மருந்தை நிறுத்துவதாயினும் மாற்றுவதாயினும் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு விதித்த கடமை. அந்தக் கடமையை நமது கைப்பேசியிலிருந்தே தொடங்குவோம், தோழர்களே.