பள்ளி பூட்டினால் படிப்பும் பூட்டா?

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓட்டமும் நடையுமாக முதல் மணிக்கு வந்து சேர்ந்த என் தோழர்களே,

படிப்பு என்றால் நமக்குக் கட்டிடம், மணி, பரீட்சை. 2020 மார்ச்சில் கொரோனா வந்து மூன்றையும் பறித்தது. ஜூனில் பத்தாம் வகுப்புத் தேர்வே ரத்து; எல்லோரும் பாஸ். அதனால் உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை. இடிந்தது வேறு. வீட்டில் ஒரே போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் மூன்று பிள்ளைகளுக்கு ஏது ஆன்லைன் வகுப்பு? எட்டாம் வகுப்பு வரை பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-இல்தான். அதற்குள் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தலே மறந்துபோயிற்று.

அந்த அக்டோபரில் அரசு தொடங்கியதுதான் ‘இல்லம் தேடிக் கல்வி’. மாலையில் ஒன்றரை மணி நேரம், வீட்டுத் திண்ணையிலே பாடம். அப்போது தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய். ஆரம்ப வகுப்புக்கு பிளஸ் டூ படித்தவரே போதும் என்றார்கள். பி.எட். இல்லாதவர் பாடம் நடத்துவதா என்று முணுமுணுத்தார்கள். கவலை நியாயம்தான், ஆனால் அன்றைக்குத் தெருவில் கிடைத்தவர்கள், பெரும்பாலும் நம் பெண்கள், அவர்கள்தானே?

நம் சங்கம் முதல் மார்க்குக்குத் தங்கப் பதக்கம் தருகிறது. தரட்டும். அந்த நிதியில் பாதியை, தெருவில் மாலை வகுப்பு எடுக்கும் நம் மாணவ மாணவியருக்கு ஒதுக்க வேண்டும் என்று இன்றைய பொதுக்குழுவில் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.