வெறிச்சோடிய தெருக்களும் நகரக் கருவூலமும்

கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் வாகன நிறுத்தக் கட்டண வருவாயை இழந்த நகரங்களுக்கு அரசுகள் வழங்கிய நிவாரணமும், காலத்தில் வழங்கத் தவறிய நிவாரணமும் இக்கருத்தரங்கின் ஆய்வுப் பொருளாகும். பொருள் சிறிதெனத் தோன்றினாலும், பொது நன்மைக்காக ஓர் அரசு பிறப்பிக்கும் ஆணையின் செலவை யார் ஏற்பது என்ற பெரிய வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

வாகன நிறுத்தக் கட்டணம் என்பது, நகரத்துக்குச் சொந்தமான சாலையோர இடத்தையோ தனி நிறுத்துமிடத்தையோ குறிப்பிட்ட நேரம் பயன்படுத்திக்கொள்வதற்காக ஒருவர் செலுத்தும் தொகை. விதியை மீறி நிறுத்துவோர் கட்டும் அபராதமும், குடியிருப்போருக்கு வழங்கப்படும் அனுமதிச் சீட்டின் கட்டணமும் இதனோடு சேர்த்தே பேசப்படுகின்றன. 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் முதல் பார்க்கிங் மீட்டர் நிறுவப்பட்டபோதும், 1958இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதிக்கு அது வந்தபோதும், ஒரே வண்டி நாள் முழுதும் கடைவீதியை அடைத்துக்கொள்ளாமல் தடுப்பது முதன்மை நோக்கமாக இருந்தது. காலப்போக்கில் அதன் வருவாய் நகரத்தின் நிலையான கடமைகளோடு பிணைந்துவிட்டது. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சாலையோர நிறுத்தக் கணக்கில் மிஞ்சும் தொகையைப் பொதுப் போக்குவரத்து, சாலை மேம்பாடு முதலிய வரையறுத்த பணிகளுக்கே செலவிட வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர மன்றமோ, ஊழியர் ஓய்வூதிய நிதி மாநிலத்தின் கைக்குப் போவதைத் தவிர்க்க, 2010ஆம் ஆண்டின் இறுதியில் வாகன நிறுத்த வரியின் வருங்கால வரவில் ஒரு பகுதியைப் பல பத்தாண்டுகளுக்கு அந்நிதிக்கென ஒதுக்கியது. இவ்வகை ஏற்பாடுகள் உள்ள இடங்களில் இவ்வருவாயின் வீழ்ச்சி வண்டியோட்டிகளோடு நின்றுவிடாமல், பேருந்தை நம்பியிருப்போரையும் ஓய்வு பெற்ற ஊழியரையும் சென்று சேர்கிறது.

2020 மார்ச் 23 அன்று பிரிட்டனில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் அலுவலகங்களும் கடைகளும் அடைபட்டுத் தெருக்கள் வெறிச்சோடின. அதே வாரத்தில், மருத்துவப் பணியாளரும் சமூகப் பராமரிப்புப் பணியாளரும் உள்ளாட்சி நிறுத்துமிடங்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அரசு அறிவித்தது. அது செய்யத்தக்க அறமே. ஆயினும் வரவு நின்றதால் செலவு நின்றுவிடவில்லை. ஊழியர் சம்பளம், பராமரிப்பு ஒப்பந்தம், அடுக்கு நிறுத்துமிடக் கட்டடத்துக்காக வாங்கிய கடனின் தவணை ஆகியவை, வண்டி வந்தாலும் வராவிட்டாலும் மாறாத நிலைச்செலவுகள். இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கித் துண்டு விழுவதைச் சரிக்கட்ட இயலாது. வரவும் செலவும் நிகராக நிற்கும் திட்டத்தையே அவை நிறைவேற்ற வேண்டும். அது கைகூடாத நிலையில், தலைமை நிதி அலுவலர் 1988ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கை வெளியிட, புதிய செலவுகள் நிறுத்தப்படுகின்றன.

இந்நெருக்கடிக்கு இங்கிலாந்து கண்ட தீர்வு ஆய்வாளர் கூர்ந்து பயிலத்தக்கது. 2020 ஜூலை 2 அன்று அறிவிக்கப்பட்ட விற்பனை, கட்டண வருவாய் ஈட்டுத் திட்டத்தின்படி, ஓர் உள்ளாட்சி அவ்வாண்டுக்கு எதிர்பார்த்திருந்த கட்டண வருவாயில் முதல் 5 விழுக்காட்டு இழப்பைத் தானே தாங்க வேண்டும். அதற்கு மேற்பட்ட தகுதியுள்ள இழப்பில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 75 பென்ஸை அரசு ஈடு செய்யும். வழக்கமான ஆண்டுகளிலும் நேரக்கூடிய ஏற்ற இறக்கத்துக்கு அந்த 5 விழுக்காடு இடமளித்தது. உள்ளாட்சியின் பங்காக விடப்பட்ட கால் பங்கு, இயன்றவரை வருவாயை மீட்க முயலும் அக்கறையைக் காத்தது. வணிக முதலீட்டிலிருந்தும் வாடகையிலிருந்தும் வரும் வருவாய் இத்திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. 2021 ஜூன் வரை நீட்டிக்கப்பட்டு, அத்துடன் திட்டம் முடிவுற்றது.

அமெரிக்காவின் பாதை வேறு. 2020 மார்ச் 27 அன்று சட்டமான கேர்ஸ் சட்டம், மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கென 15,000 கோடி டாலர் நிதியை ஏற்படுத்தியபோதிலும், 5 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிகளே அதை நேரடியாகப் பெற முடிந்தது. அத்தொகையைப் பெருந்தொற்றால் எழுந்த புதிய செலவுகளுக்குப் பயன்படுத்தலாமேயன்றி, இழந்த வருவாயை நிரப்பப் பயன்படுத்தலாகாது என்று கருவூலத் துறை விளக்கியது. முகக்கவசம் வாங்க வழியிருந்தும், காலியான மீட்டர்களால் விழுந்த பள்ளத்தை அந்நிதியைக் கொண்டு நிரப்ப வழியில்லாமற் போயிற்று. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2021 மார்ச் 11 அன்று கையெழுத்தான அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம் 35,000 கோடி டாலரை ஒதுக்கி, சிறு நகரங்களையும் உள்ளடக்கி, வருவாய் இழப்பை ஈடு செய்யவும் இசைந்தது. ஆனால் இழப்பு கட்டணவாரியாக அன்றி, நகரத்தின் பொது வருவாய் முழுமையையும் கொண்டு கணக்கிடப்பட்டமையால், சொத்துவரி உயர்ந்த நகரமொன்றில் நிறுத்தக் கட்டணம் அடியோடு சரிந்திருந்தாலும் அது சூத்திரத்தின் கண்ணில் படாமற் போகக்கூடும். இறுதி விதிகள் 2022 ஜனவரியில் வெளியானபோது, கணக்கீடு ஏதுமின்றி 1 கோடி டாலர் வரை இழப்பாகக் கொள்ளலாம் என்ற எளிய வழி திறக்கப்பட்டது.

இவ்விரு அனுபவங்களையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை துலங்குகிறது. வீட்டிலிருங்கள் என்று ஆணையிட்டது அரசு. அதனால் விளைந்த வருவாய் இழப்பு நகரத்தின் நிர்வாகக் குறையன்று, அவ்வாணையின் செலவேயாகும். எனவே அதில் பங்கேற்பது ஆணையிட்ட அரசின் கடமை. நகரங்கள் அதைக் கேட்பது இரத்தலாகாது. அக்கடமை முன்கூட்டியே வகுத்த விதியாக அமைய வேண்டும். மிச்சமான செலவைக் கழித்து நிகர இழப்பை அளக்க வேண்டும். துணிந்து செய்த முதலீட்டின் நட்டத்தை இதனோடு கலக்காமல், முடிவு நாளையும் குறித்திருக்க வேண்டும்.

கார்களை நம்பி வாழும் நகரத்தை அரசுப் பணத்தால் தாங்குவது முறையா என்ற மறுப்பும் எண்ணத்தக்கதே. தொற்றுக்குப் பின் அலுவலகப் பயணம் குறைந்த இடங்களில் பழைய வருவாயை என்றென்றும் உறுதி செய்வது அறிவுடைமையாகாது. முடிவு நாள் வேண்டும் என்பது அதனாலேயே. ஆனால் 2005இல் வெளிவந்த தம் நூலில் வாகன நிறுத்தக் கொள்கை அறிஞர் டொனால்ட் ஷூப் வலியுறுத்தியபடி, சாலையோர இடத்துக்குத் தக்க விலை வைத்து, வரும் தொகையை அப்பகுதிக்கே திருப்பிச் செலவிடும் நகரம் நல்வழியில் செல்லும் நகரம். நெருக்கடியில் அத்தகைய நகரத்தைக் கைவிட்டால் அந்நல்வழியே தளரும்.

இந்திய அறிஞர்களுக்கும் இதில் நேரடிப் பணி உண்டு. 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை, வாகன நிறுத்துமிடங்களை நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொறுப்புகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் மாநில நிதி ஆணையம் நகராட்சிகளின் நிதிநிலையை ஆராய்ந்து பரிந்துரை வழங்குகிறது. பேரிடர்க் கால ஈட்டுக்கான சூத்திரமொன்றை அப்பரிந்துரைகளுள் இடம்பெறச் செய்யும் வழியை இக்கருத்தரங்கின் அமர்வுகள் ஆராய வேண்டும். அடுத்த பெருந்தொற்று வரும் நாளில் எந்த நகரமும் தன் இழப்புக்கு ஈடு கேட்டு ஓராண்டு காத்திருக்கும் நிலை நேரலாகாது. அந்நோக்கம் நிறைவேற அறிஞர்தம் கட்டுரைகளும் விவாதங்களும் துணைநிற்கும் என்ற உறுதியோடு இக்கருத்தரங்கு தொடங்கி வைக்கப்படுகிறது.